புது நகரத்துக்குக் குடிபெயரலாமா? முடிவெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

நகரத்துக்குக் குடிபோவதைப் பற்றி யோசிக்கும்போது பெரும்பாலோர் நகரங்களைத்தான் ஒப்பிடுகிறார்கள். எங்கே வேலை அதிகம், எங்கே மெட்ரோ ஓடுகிறது, எங்கே வாடகை கட்டுப்படியாகும், எங்கே இரவிலும் ஆள் நடமாட்டம் இருக்கும் என்று பட்டியல் நீள்கிறது. பட்டியல் தப்பில்லை. ஆனால் முழு நகரத்திலும் யாரும் வாழ்வதில்லை. ஒரு தெரு, ஒரு பஸ் நிறுத்தம், ஓர் அலுவலகம், நாலைந்து கடைகள், பத்துப் பதினைந்து மனிதர்கள், இவ்வளவுதான் ஒருவருடைய நகரம். அதனால் இந்த வழிகாட்டி முழுக்க ஒரே கேள்வியைத்தான் துரத்துகிறது: அங்கே உங்களுடைய சாதாரண வாரநாள் எப்படி இருக்கும்?

அவசரம் இல்லையென்றால் இந்த வேலைக்கு இரண்டு மூன்று மாதம் ஒதுக்குங்கள். வேலைக்கான கடிதம் வந்துவிட்டது, பத்து நாளில் பதில் சொல்ல வேண்டும் என்ற நெருக்கடி என்றால் 3, 4, 6 ஆகிய படிகளை மட்டுமாவது விட்டுவிடாதீர்கள்.

படி 1: எது தள்ளுகிறது, எது இழுக்கிறது

ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இந்த ஊரைவிட்டுக் கிளம்பச் சொல்லும் காரணங்கள் இடப்பக்கம். அந்த ஊருக்கு வரச் சொல்லும் காரணங்கள் வலப்பக்கம். இடப்பெயர்வை இப்படித் தள்ளும் காரணம், இழுக்கும் காரணம் என்று பிரித்துப் பார்ப்பது ஆய்வாளர்களிடம் நெடுநாள் வழக்கம். அமெரிக்கச் சமூகவியலாளர் எவரெட் லீ 1966இல் இவற்றோடு நடுவில் நிற்கும் தடைகளையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னார். பணம், குடும்பம் போன்ற அந்தத் தடைகளுக்குப் பின்னால் வருவோம்.

இடப்பக்கம் நிரம்பி வழிந்து வலப்பக்கம் காலியாகக் கிடந்தால் கொஞ்சம் நில்லுங்கள். நீங்கள் தேடுவது அந்த நகரத்தை அல்ல, இங்கிருந்து ஒரு வெளியேற்றத்தை. அது தவறில்லை. ஆனால் அப்போது கேட்க வேண்டிய கேள்வி வேறு. இடப்பக்கத்தில் எழுதிய ஒவ்வொன்றும் உங்களோடு பெட்டியில் ஏறி வருமா? மேலதிகாரியோடு உள்ள தகராறு வராது. கடன் வரும். தூக்கமின்மை அநேகமாக வரும். தனிமை என்று எழுதியிருந்தால், முதல் ஆறு மாதம் அது இரண்டு மடங்காகத்தான் வரும்.

வலப்பக்கத்திலும் ஒரு பொறி இருக்கிறது. 1998இல் ஆய்வாளர்கள் டேவிட் ஷ்கேட், டேனியல் கானமன் இருவரும் அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியிலும் கலிபோர்னியாவிலும் படித்த மாணவர்களிடம் வாழ்க்கைத் திருப்தியைப் பற்றிக் கேட்டார்கள். கலிபோர்னியாக்காரர்கள்தான் அதிகத் திருப்தியோடு இருப்பார்கள் என்று இரண்டு பக்கத்தவரும் கணித்தார்கள். தங்களைப் பற்றிச் சொன்ன பதில்களில் பெரிய வித்தியாசமே இல்லை. வெயிலும் கடற்கரையும் வெளியிலிருந்து பார்க்கிறவர் கண்ணை நிறைக்கின்றன. அங்கேயே இருப்பவர் வேலை, பணம், உறவுகள் என்று வேறு எதையோ நினைத்துக்கொண்டிருக்கிறார். உங்கள் வலப்பக்கப் பட்டியலில் வாரம் ஒருமுறைகூடப் பயன்படாதவை எத்தனை என்று வட்டம் போட்டுப் பாருங்கள். அருங்காட்சியகம், இசை நிகழ்ச்சி, நதிக்கரை எல்லாம் அந்த வட்டத்துக்குள் போய்விடலாம். வட்டம் போட்டவற்றை அடிக்க வேண்டியதில்லை. அவற்றுக்காக மட்டும் வீடு மாற்றாதீர்கள், அவ்வளவுதான்.

படி 2: ஒரு செவ்வாய்க்கிழமையை எழுதுங்கள்

ஏன் செவ்வாய்? திங்களின் சோர்வும் வெள்ளியின் உற்சாகமும் இல்லாத நாள் என்பதால். இப்போதைய ஊரில் உங்கள் செவ்வாய்க்கிழமையை அரை மணி நேரக் கட்டங்களாக எழுதுங்கள். எழுந்தது, தண்ணீர் பிடித்தது, குழந்தையைப் பள்ளியில் விட்டது, பஸ்ஸுக்கு நின்றது, மாலை யாரிடமோ பத்து நிமிடம் பேசிக்கொண்டு நின்றது, எதையும் விடாதீர்கள். பக்கத்திலேயே, புது நகரத்தில் அதே நாள் எப்படிப் போகும் என்று எழுதுங்கள்.

இரண்டாவது பத்தியில் நிறையக் கட்டங்கள் காலியாக நிற்கும். "மாலை 6.30: ?" என்று வரும். அந்தக் கேள்விக்குறிகள்தான் நீங்கள் விசாரிக்க வேண்டியவை. காய்ச்சல் என்றால் குழந்தையைப் பள்ளியிலிருந்து யார் அழைத்து வருவார்கள், துணி எங்கே காயும், மாலையில் நடக்க இடம் இருக்கிறதா, இரவு மருந்துக் கடை எவ்வளவு தூரம். நகரங்களின் தரவரிசைப் பட்டியல் எதிலும் இதற்குப் பதில் கிடைக்காது.

படி 3: பயண நேரத்தை முதலில் தீர்மானியுங்கள், வீட்டை அப்புறம்

மற்ற எல்லாவற்றையும்விட இதற்குத்தான் நான் அதிக எடை கொடுப்பேன். காரணம் எளிது. சின்ன வீட்டுக்கு மனிதர்கள் பழகிவிடுகிறார்கள். பெரிய சம்பளத்துக்கும் பழகிவிடுகிறார்கள். நெரிசலில் தினமும் நிற்பதற்கு மட்டும் அவ்வளவு எளிதில் பழகுவதில்லை.

இத்தாலிய இயற்பியலாளர் செசாரே மார்ச்செட்டி 1994இல் ஒரு கருத்தை முன்வைத்தார்: ஊர் எதுவானாலும், வாகனம் எதுவானாலும், மனிதர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக ஒரு மணி நேரம்தான் போகவர ஒதுக்குகிறார்கள். வேகமான வண்டி வந்தால் நேரம் மிச்சமாவதில்லை, நகரம் விரிகிறது. பெரிய நகரங்களில் இந்த ஒரு மணி நேரத்தைத் தாண்டித் தினமும் அலைகிறவர்கள் ஏராளம். அந்தக் கூடுதல் நேரம் எங்கிருந்தோ பிடுங்கப்படுகிறது, பெரும்பாலும் தூக்கத்திலிருந்து. கானமனும் சக ஆய்வாளர்களும் டெக்சாஸில் வேலைபார்க்கும் 909 பெண்களிடம் முந்தைய நாளை மணிவாரியாக நினைவுகூரச் சொல்லி 2004இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். அன்றாட வேலைகளில் மனநிறைவு மிகக் குறைவாகப் பதிவானது காலையில் வேலைக்குப் போகும் பயணத்தில்தான். ஜெர்மனி மக்களின் பல ஆண்டுத் தரவை அலசிய சுவிஸ் பொருளாதார அறிஞர்கள் அலோயிஸ் ஸ்டட்சரும் புரூனோ ஃபிரையும், நீண்ட பயணத்துக்கு ஈடாக மக்களுக்கு நல்ல வீடோ நல்ல சம்பளமோ கிடைத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்த்துத்தான் தேடினார்கள். ஈடாகவில்லை. பயணம் நீள நீளத் திருப்தி குறைந்தது.

சரி, உங்கள் கணக்குக்கு வருவோம். இப்போது வேலைக்குப் போக 30 நிமிடம், புது இடத்தில் 75 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். போகவர ஒரு நாளைக்கு 90 நிமிடம் கூடுதல். ஆண்டுக்கு 230 வேலை நாள் என்றால் 345 மணி நேரம். எட்டு மணி நேர வேலை நாளாகப் பார்த்தால் 43 நாள். சம்பளமில்லாமல் 43 நாள் கூடுதலாக வேலைபார்க்கச் சம்மதமா என்று யாராவது கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்?

நேரத்தை அளக்கும்போது சில நுணுக்கங்கள். வரைபடச் செயலியை ஞாயிற்றுக்கிழமை மதியம் திறந்து பார்த்தால் அது காட்டுகிற நேரம் ஞாயிறு மதியத்துக்குத்தான் பொருந்தும். புறப்படும் நேரத்தை வாரநாள் காலை 8.15 என்று மாற்றிப் பாருங்கள். பிறகு கதவிலிருந்து கதவு வரை கணக்கிடுங்கள்: மின்தூக்கிக்குக் காத்திருப்பது, நிலையம் வரை நடப்பது, பாதுகாப்புச் சோதனை வரிசை, வண்டி மாறும் இடத்தில் படியேறி இறங்குவது, கடைசியில் அலுவலக வாசல் வரை நடை. "மெட்ரோவில் 25 நிமிடம்தான்" என்பது இப்படிக் கணக்கிட்டால் 55 ஆவது சாதாரணம். ஒரே வண்டியில் 40 நிமிடம் உட்கார்ந்து போவதும், இரண்டு இடத்தில் மாறி 40 நிமிடம் நின்று போவதும் கடிகாரத்துக்கு ஒன்று, உடம்புக்கு வேறு. அப்புறம், தினமும் ஒரே அளவு தாமதம் என்றால் திட்டமிடலாம். ஒருநாள் 40, ஒருநாள் 90 என்றால் தினமும் 90க்குத்தான் கிளம்ப வேண்டியிருக்கும்.

எனவே, வீடு தேடுவதற்கு முன்பே ஓர் உச்சவரம்பை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கதவிலிருந்து கதவு 45 நிமிடம் என்பது எனக்கு நியாயமாகப் படுகிறது. வாரம் இரண்டு நாள் மட்டும் அலுவலகம் என்றால் ஒரு மணி நேரத்துக்கு மேலும் தாங்கலாம். ஆனால் அந்த இரண்டு நாள் ஐந்து நாளாக எப்போது வேண்டுமானாலும் மாறலாம் என்பதை மறக்காதீர்கள்.

படி 4: சம்பளத்தை அல்ல, மிச்சத்தை ஒப்பிடுங்கள்

பணக் கணக்கில் ஊரும் நாணயமும் முக்கியமில்லை. இப்போது வரி போகக் கைக்கு வருவதை 100 என்று வைத்துக்கொள்வோம். வாடகை 20, போக்குவரத்து 5, மற்ற அன்றாடச் செலவு 50. மிச்சம் 25.

புது நகரத்தில் கைக்கு 140 வருகிறது. கேட்கவே இனிக்கிறது. வாடகை 48, போக்குவரத்து 10, மற்றவை 58, சொந்த ஊருக்குப் போய்வர மாதத்துக்கு 6. மொத்தம் 122. மிச்சம் 18. சம்பளம் 40 சதவீதம் ஏறியும் சேமிப்பு இறங்கிவிட்டது.

இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். இப்போது வேலை 8 மணி, பயணம் 1 மணி, ஆக 9 மணி நேரத்துக்கு 100. அங்கே 8 மணி வேலை, இரண்டரை மணிப் பயணம், ஆக பத்தரை மணி நேரத்துக்கு 140. மணிக்கணக்கில் போட்டால் 40 சதவீத உயர்வு 20 சதவீதமாகச் சுருங்குகிறது.

வாடகை வருமானத்தில் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று பலரும் சொல்வார்கள். இந்த எண் ஏதோ இயற்கை விதி இல்லை. அமெரிக்க அரசு தன் பொதுக் குடியிருப்புகளில் வாங்கும் வாடகைக்கு 1969இல் வருமானத்தில் 25 சதவீதம் என்று வரம்பு வைத்தது, 1981இல் அதை 30 ஆக்கியது. அங்கிருந்து பரவிய அளவுகோல் இது. குறைந்த வருமானக்காரருக்கு 30 சதவீதமே கழுத்தைப் பிடிக்கும். அதிக வருமானமும், நடந்தே அலுவலகம் போகும் வசதியும் உள்ளவருக்கு 38கூடப் பெரிய சுமையாக இருக்காது. வாடகையையும் போக்குவரத்தையும் சேர்த்து ஒரே செலவாகப் பார்ப்பது மேல். தொலைவில் வீடு மலிவாகத் தெரிவது, பாதிச் செலவு வண்டிக் கணக்குக்குப் போய்விடுவதால்தான்.

அடுத்து, ஒருமுறைச் செலவுகள். முன்பணம், தரகுக் கட்டணம், சாமான் ஏற்றி இறக்குவது, இரண்டு வீட்டு வாடகையும் சேர்ந்து விழும் அந்த ஒரு மாதம், திரைச்சீலையிலிருந்து குப்பைத் தொட்டிவரை புதிதாக வாங்குபவை, சம்பளமில்லா விடுப்பு. திரும்பக் கிடைக்கும் முன்பணத்தைத் தனியாக வைத்துவிட்டு மற்றதைக் கூட்டுங்கள். அதை மாதாமாதம் கூடுதலாக மிச்சப்படும் தொகையால் வகுத்தால், போட்ட காசு எத்தனை மாதத்தில் திரும்பும் என்று தெரிந்துவிடும். ஒருமுறைச் செலவு 200, கூடுதல் மிச்சம் 8 என்றால் 25 மாதம். ஒன்றரை ஆண்டு ஒப்பந்த வேலைக்கு இது ஒத்துவராது. கூடுதல் மிச்சமே இல்லையென்றால், பணத்துக்காகப் போகிறேன் என்று சொல்வதை நிறுத்திவிட்டு வேறு காரணத்தைத் தெளிவாகச் சொல்லிக்கொள்ளுங்கள். அந்தக் காரணம் நியாயமானதாகவே இருக்கலாம்.

கைவசம் ஆறு மாதச் செலவுக்கான பணம் வேண்டும். இப்போதைய ஊரின் செலவுக்கு இல்லை, புது ஊரின் செலவுக்கு.

மலிவாக இருக்கும் இடங்களைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஜெனிஃபர் ரோபேக் 1982இல் காட்டியது இது: ஒரு நகரத்தின் சம்பளமும் நிலவிலையும் அங்குள்ள வாழ்க்கை வசதிகளின் விலையைத் தமக்குள் சுமக்கின்றன. வாடகை அடிமாட்டு விலையில் இருந்தால், அதற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் காரணம் உங்களுக்குப் பொருட்டில்லாத ஒன்றாக இருந்தால் உங்களுக்கு லாபம். இரவு வாழ்க்கை இல்லாத பேட்டை, சீக்கிரம் தூங்குகிறவருக்குப் பரிசு.

படி 5: வீட்டையும் தெருவையும் மூன்று வேளையில் பாருங்கள்

தரகர்கள் வீடு காட்டும் நேரம் பெரும்பாலும் காலை பதினொன்றிலிருந்து மாலை நாலுக்குள். அது தெரு அமைதியாக இருக்கும் நேரம், நல்ல வெளிச்சமும் இருக்கும். அதே வீட்டைக் காலை ஏழு மணிக்கும் இரவு பதினொன்றுக்கும் ஒருமுறை பாருங்கள். உள்ளே விடாவிட்டால் வாசலில் நின்றாலே போதும். முடிந்தால் மழை பெய்த மறுநாள் போங்கள். தண்ணீர் எங்கே தேங்குகிறது, சுவரில் எந்த உயரம் வரை ஈரக்கறை ஏறியிருக்கிறது, தரைத்தளத்து வீட்டுக்காரர்கள் வாசலில் மேடு கட்டியிருக்கிறார்களா என்று பார்த்தாலே தெருவின் வெள்ளச் சரித்திரம் தெரிந்துவிடும்.

உள்ளே போனதும் நிதானமாக இவற்றைச் செய்யுங்கள். படுக்கையறையில் கதவு ஜன்னல் எல்லாம் மூடி, பேச்சை நிறுத்தி, இரண்டு நிமிடம் நில்லுங்கள். கூட வந்தவரையும் பேச வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கேட்கிறதே, அதுதான் உங்கள் இரவு. சாலைப் போக்குவரத்தின் இரவுச் சத்தம் சராசரி 45 டெசிபலுக்குக் கீழே இருக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2018இல் ஐரோப்பாவுக்கான வழிகாட்டலில் பரிந்துரைத்தது. வீட்டின் வெளிப்புறத்துக்கான அளவு அது. கைபேசிச் செயலியில் அளந்தால் துல்லியமாக வராது. ஆனால் இரண்டு வீடுகளை ஒப்பிட அது போதும். பத்து டெசிபல் கூடினால் காதுக்குச் சத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்காகத் தோன்றும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு குளியலறைக் குழாயையும் சமையலறைக் குழாயையும் ஒரே நேரத்தில் திறந்து பாருங்கள். மேல்மாடி என்றால் மதியம் இரண்டு மணிக்குக் கூரையைத் தொட்டுப் பாருங்கள், கை எட்டாவிட்டால் கூரைக்குக் கீழே சற்று நேரம் நின்றாலே தெரியும். கைபேசி சிக்னல் மேசை போடப்போகும் மூலையில் வருகிறதா? அலமாரிக்குள் தலையை விட்டு முகர்ந்து பாருங்கள். புதுப் பூச்சுச் சுவரை மறைக்கும், பூஞ்சை வாடையை மறைக்காது. மாடிப்படியில் எதிர்ப்படும் யாரிடமாவது "தண்ணீர், கரண்ட் எப்படி?" என்று கேளுங்கள். குடியிருப்பவர் சொல்லும் ஒரு வரி, தரகர் பேசும் அரை மணி நேரத்தைவிடப் பயன்படும்.

காற்றுக்கு: நுண்துகள் பிஎம் 2.5 ஆண்டுச் சராசரி ஒரு கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் வரம்பைக் கடுமையாக்கியது. அதற்கு முன்பு அது 10. உலகின் பெருநகரங்களில் மிகப் பெரும்பாலானவை இதைத் தாண்டியவைதான். அதனால் தாண்டுகிறதா என்று பார்ப்பதில் பயனில்லை, எத்தனை மடங்கு என்று பாருங்கள். ஒருநாள் அளவை நம்பாமல் ஆண்டுச் சராசரியைத் தேடுங்கள், மோசமான மாதத்தைத் தனியாகக் குறியுங்கள். வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால் இது ஒன்றே முடிவைத் தீர்மானித்துவிடலாம். வெப்பத்துக்கும் இதே கவனம் வேண்டும். லண்டனின் இரவுகள் சுற்றுப்புற நாட்டுப்புறத்தைவிடச் சூடானவை என்று வானிலை ஆய்வாளர் லூக் ஹோவர்ட் ஏறத்தாழ 200 ஆண்டுகளுக்கு முன்பே அளந்து சொல்லிவிட்டார். கான்கிரீட் பகலில் வாங்கிய சூட்டை இரவில்தான் விடுகிறது. வானிலைச் செய்தியில் வரும் வெப்பநிலை பல ஊர்களில் விமான நிலையத்தில் அளந்தது. மரமில்லாத தெருவுக்கு அது பொருந்தாது.

கடைசியாக நடந்து பாருங்கள். அன்றாடத் தேவைகள் எல்லாம் வீட்டிலிருந்து 15 நிமிடத்துக்குள் கிடைக்க வேண்டும் என்று பேராசிரியர் கார்லோஸ் மொரேனோ 2016இல் முன்வைத்த 15 நிமிட நகரம் என்ற யோசனையை வீடு தேடும் அளவுகோலாகவே வைத்துக்கொள்ளலாம். வீட்டு வாசலிலிருந்து 15 நிமிடம் நடந்தால், சாலை கடக்கும் நேரத்தையும் சேர்த்து, ஒரு கிலோமீட்டர் சொச்சம் போகலாம். அதற்குள் மருந்து, காய்கறி, மருத்துவர், உட்கார ஒரு நிழல், பஸ் நிறுத்தம் எல்லாம் வருகிறதா? தூரத்தை வரைபடமே சொல்லிவிடும். நடைபாதை இருக்கிறதா, இரவில் தனியாக வரும் பெண் அதில் நிம்மதியாக நடக்க முடியுமா என்பதைக் கால்தான் சொல்லும்.

படி 6: கூட வருபவர்களும் விட்டுப் போகிறவர்களும்

குடும்பமாகப் போகிறீர்கள் என்றால், வேலை கிடைத்தவருக்குப் புது நகரம் முதல் நாளே அலுவலகத்தையும் சக ஊழியர்களையும் கொடுத்துவிடுகிறது. கூட வருகிறவருக்கு நாலு சுவரைத்தான் கொடுக்கிறது. அவருடைய செவ்வாய்க்கிழமையையும் தனியாக எழுதுங்கள், அவரே எழுத வேண்டும். அதில் அவருக்கென்று ஒரு கட்டமும் இல்லாவிட்டால், இரண்டு பேர் எடுத்த முடிவு என்று அதைச் சொல்ல முடியாது.

குழந்தைகள் விஷயத்தில் வயதைக் கவனியுங்கள். அமெரிக்காவில் 1994இல் ஐந்து நகரங்களில் தொடங்கிய ஒரு திட்டம், ஏழ்மை மிகுந்த குடியிருப்புகளிலிருந்த குடும்பங்களில் சிலரைக் குலுக்கல் முறையில் தேர்ந்து, ஏழ்மை குறைந்த பகுதிக்கு மாற உதவியது. அதே திட்டத்தைப் பின்னர் ஆராய்ந்த பொருளாதார அறிஞர் ராஜ் செட்டியும் சகாக்களும் கண்டது: 13 வயதுக்கு முன் இடம்மாறிய பிள்ளைகள் இருபதுகளின் நடுவில் ஏறத்தாழ 31 சதவீதம் அதிகம் சம்பாதித்தார்கள். அதற்கு மேற்பட்ட வயதில் மாறியவர்களுக்குப் பலன் இல்லை, சற்றுப் பாதகமாகக்கூட இருந்தது. அந்தக் குடும்பங்களின் நிலைமை வேறு, உங்களுடையது வேறு. ஆனாலும் நல்ல சூழலில் எத்தனை ஆண்டு கிடைக்கிறது என்பதும், பதின்வயதில் சிநேகிதர்களைப் பிரிப்பதன் விலையும் எல்லாருக்கும் உண்டு. பொதுத்தேர்வுக்கு முந்தைய ஆண்டு வீடு மாற்றுவதை முடிந்தவரை தள்ளிப்போடுங்கள்.

நட்புக்கும் நேரக் கணக்கு இருக்கிறது. கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018இல் வெளியிட்ட ஆய்வு, புது ஊருக்கு அண்மையில் குடிபெயர்ந்தவர்களையும் கல்லூரியில் புதிதாகச் சேர்ந்தவர்களையும் பின்தொடர்ந்தது. அறிமுகம் சாதாரண நட்பாக ஏறக்குறைய 50 மணி நேரம், நண்பர் என்று சொல்ல 90 மணி, நெருங்கிய நண்பராக 200 மணிக்கு மேல். வாரத்தில் மூன்று மணி ஒதுக்கினாலும் ஒரு நெருங்கிய நண்பருக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிடும். படி 3இல் பார்த்த 345 மணி நேரம் இங்கேதான் உறைக்கிறது. எனவே போவதற்கு முன்பே, வாரம் தவறாமல் ஒரே மனிதர்களைச் சந்திக்க வைக்கும் ஓர் இடத்தைக் கண்டுபிடியுங்கள்: விளையாட்டுக் குழு, பாட்டு வகுப்பு, நூலக வாசிப்பு வட்டம், வழிபாட்டுத் தலம், எதுவானாலும் சரி. நகரத்தில் ஆட்களுக்குக் குறைவில்லை. ஒரே ஆளை மறுபடி மறுபடி பார்ப்பதுதான் அரிது.

விட்டுப் போகிறவர்களில் வயதான பெற்றோர் இருந்தால், ஒரு கேள்வியைத் தயங்காமல் கேளுங்கள். நள்ளிரவில் அழைப்பு வந்தால் எத்தனை மணி நேரத்தில் போய்ச் சேர முடியும், அதுவரை யார் பக்கத்தில் இருப்பார்கள்? அந்த "யார்" என்பதற்கு ஒரு பெயர் வேண்டும். "அக்கம்பக்கத்தில் இருக்கிறார்கள்" என்பது பதில் ஆகாது. அந்தப் பெயருக்கு உரியவரிடம் நேரில் போய்க் கேட்டுச் சம்மதம் வாங்குங்கள்.

படி 7: இந்த வேலை போனால் அடுத்தது?

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பெரிய நகரத்தின் உண்மையான பலம் கையில் இருக்கும் வேலையில் இல்லை, அடுத்த வேலையில். லூயிஸ் பெட்டன்கோர்ட், ஜெஃப்ரி வெஸ்ட் முதலான ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வின்படி, நகரத்தின் மக்கள்தொகை இரண்டு மடங்கானால் தலைக்குச் சம்பளமும் கண்டுபிடிப்புகளும் சுமார் 15 சதவீதம் கூடுகின்றன. குற்றமும் தொற்றுநோயும் கிட்டத்தட்ட அதே வேகத்தில் கூடுகின்றன. கூட்டம் இரண்டையும் சேர்த்தே தருகிறது. உங்கள் துறையில் அந்த நகரத்தில் உங்களை எடுக்கக்கூடிய இடங்களைப் பெயர் சொல்லி எழுதுங்கள். ஐந்துக்கு மேல் வந்தால் நகரத்துக்குப் போகிறீர்கள். ஒன்றுதான் வருகிறது என்றால் ஒரு நிறுவனத்துக்குப் போகிறீர்கள், அதன் தலையெழுத்துதான் உங்களுடையதும்.

படி 8: விருந்தாளியாக இல்லாமல் இரண்டு வாரம்

முடிந்தால் போய்த் தங்குங்கள். ஆனால் சுற்றுலா போல வேண்டாம். நடு நகரத்து விடுதியை விட்டுவிட்டு, குடியேற நினைக்கும் பேட்டையிலேயே ஓர் அறை எடுங்கள். காலை நெரிசலில் அலுவலகம் வரை போய், உள்ளே போகாவிட்டாலும் மாலை திரும்புங்கள். துணி துவையுங்கள், சமையுங்கள், ஒரு சிறு வேலைக்காக ஏதாவது அரசு அலுவலகத்தில் வரிசையில் நில்லுங்கள். ஊரைச் சுற்றிக்காட்டுகிறேன் என்று வரும் நண்பரிடம், கடைசி இரண்டு நாளில் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிடுங்கள். ஒரு முழு மாலையை எந்தத் திட்டமும் இல்லாமல் தனியாகக் கழித்துப் பாருங்கள். அந்த மாலை எப்படிப் போகிறது என்பது எனக்கு முக்கியமான அறிகுறியாகத் தெரிகிறது. அந்த ஊர் மோசமான பருவத்தில் இருக்கும்போது போவது இன்னும் நல்லது.

இரண்டு வாரம் முடியாதென்றால் மூன்று வாரநாள் போதும். வாரக்கடைசி மட்டும் என்றால், போகாததற்குச் சமம்.

படி 9: முடிவெடுக்கும் நாள்

மதிப்பெண் அட்டவணை போட்டு, காற்றுக்கு 7, வாடகைக்கு 5, வேலைக்கு 9 என்று கூட்டிப் பார்ப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. ஏற்கெனவே மனதில் இருக்கும் விடை வரும்வரை எண்களை மாற்றிக்கொண்டே இருப்போம். அதைவிட, விட்டுக்கொடுக்க முடியாத மூன்று நிபந்தனைகளை எழுதுங்கள். மூன்றுக்கு மேல் வேண்டாம். "பயணம் 45 நிமிடத்துக்குள்", "மாத மிச்சம் இப்போதையதைவிடக் குறையக் கூடாது", "துணைவருக்கு ஆறு மாதத்தில் வேலை கிடைக்கும் சாத்தியம்" என்பது போல. ஒன்று தவறினால் போவதில்லை. மூன்றும் தேறினால், மற்ற குறைகளைச் சகித்துக்கொள்ளலாம்.

அடுத்து, உளவியலாளர் கேரி கிளைன் 2007இல் எழுதிய ஒரு பயிற்சி. போய் ஒரு வருடம் ஆகிவிட்டது, எல்லாம் நாசமாகிவிட்டது என்று கற்பனை செய்துகொண்டு, ஏன் அப்படி ஆனது என்று வீட்டில் ஒவ்வொருவரும் தனித்தனியே எழுதுங்கள். "சரிப்பட்டு வராதோ" என்று பொதுவாகப் பயப்படும்போது வாயைத் திறக்காதவர்கள்கூட இதில் குறிப்பாக எழுதுவார்கள். வந்த காரணங்களில் எதை இப்போதே தடுக்கலாம் என்று பாருங்கள்.

இங்கேயே இருந்துகொண்டு மாற்றக்கூடியவற்றையும் அதே நாளில் மேசையில் வையுங்கள். இதே ஊரில் வேறு பேட்டை, வேறு வேலை, தூரத்து நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே வேலை. குடிபெயர்வதற்குச் செலவாகும் பணத்தில் பாதியை இங்கேயே போட்டால் என்ன மாறும்? இந்தக் கேள்வியைத் தாண்டியும் "போகலாம்" என்று நின்றால், அந்த முடிவுக்கு வலு இருக்கிறது.

எல்லாம் செய்தும் சரிபாதியாக நிற்கிறதா? பொருளாதார அறிஞர் ஸ்டீவன் லெவிட் ஒரு வினோதச் சோதனை நடத்தினார். பெரிய முடிவுகளில் தடுமாறியவர்கள் அவருடைய இணையதளத்தில் நாணயம் சுண்டினார்கள், 20,000 பேருக்கு மேல். ஆறு மாதம் கழித்துக் கேட்டபோது, மாற்றத்தைத் தேர்ந்தவர்கள் இருந்த இடத்திலேயே இருந்தவர்களைவிட மகிழ்ச்சியாக இருப்பதாகச் சொன்னார்கள். தாமாகவே வந்து நாணயம் சுண்டியவர்கள் என்பதால் இதை எல்லாருக்கும் பொருத்திவிட முடியாது. பெற்றோரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் கடனும் உள்ளவர் நாணயத்தை நம்பக் கூடாது. தனியாள், சேமிப்பு இருக்கிறது, திரும்பி வரவும் வழி இருக்கிறது என்றால், போய்ப் பார்ப்பது என்ற பக்கம் நான் சாய்வேன்.

படி 10: திரும்பும் வழியோடு கிளம்புங்கள்

1885இல் இடப்பெயர்வின் விதிகளை வகுத்த புவியியலாளர் ராவன்ஸ்டைன் சொன்னவற்றில் ஒன்று: ஒவ்வொரு பெரிய இடப்பெயர்வு ஓட்டத்துக்கும் ஓர் எதிரோட்டம் உண்டு. திரும்பி வருவது அன்றைக்கே வழக்கமாக இருந்திருக்கிறது. அதற்குத் தயாராகக் கிளம்புவதில் வெட்கமில்லை. முதல் வாடகை ஒப்பந்தத்தைக் கிடைக்கும் மிகக் குறைந்த காலத்துக்குப் போடுங்கள். இடையில் காலி செய்தால் என்ன பிடித்தம், எத்தனை மாத முன்னறிவிப்பு என்று கையெழுத்துக்கு முன் படியுங்கள். முதல் வருடம் வீடு வாங்காதீர்கள், யார் என்ன சொன்னாலும். பழைய வேலையை நல்லபடியாகச் சொல்லிக்கொண்டு விடுங்கள். பெரிய சாமான்களை விற்பதா, சொந்தக்காரர் வீட்டில் போட்டு வைப்பதா என்பதைச் செலவுக் கணக்கை வைத்து முடிவுசெய்யுங்கள், பாசத்தை வைத்து வேண்டாம்.

போய்ச் சேர்ந்த முதல் சில வாரம் எல்லாம் புதிதாக, நன்றாக இருக்கும். அப்புறம் ஒரு சரிவு வரும். மானிடவியலாளர் கலெர்வோ ஓபெர்க் 1960இல் வேற்று நாட்டுக்குப் போகிறவர்களைப் பற்றி இதை எழுதினார்: தேனிலவு, பிறகு எரிச்சல், பிறகு மெல்லப் பழகுதல். எல்லாருக்கும் இதே வரிசையில் வராது. ஆனாலும் இரண்டாம் மூன்றாம் மாதத்தில் ஊர் முழுவதும் எதிரியாகத் தெரிந்தால், அன்றைக்கே பெட்டி கட்டாதீர்கள். முதல் மாதப் பூரிப்பில் நீண்ட ஒப்பந்தம் எதிலும் கையெழுத்துப் போடவும் வேண்டாம்.

ஒப்பந்தம் முடிய இரண்டு மாதம் இருக்கும்போது ஒரு மாலை உட்காருங்கள். மூன்று நிபந்தனைகளில் எது நிற்கிறது, எது உடைந்தது? மாத மிச்சம் கணக்குப்படி வருகிறதா? வாரத்தில் யாரைச் சந்திக்கிறீர்கள்? அப்போது இருப்பவை மூன்று வழிகள்: அதே வீட்டில் தொடர்வது, அதே நகரத்தில் வேறு பேட்டைக்கு மாறுவது, திரும்புவது. பலருக்கு முதலும் மூன்றும்தான் கண்ணில் படுகின்றன. நகரம் பிடிக்கவில்லை என்று சொல்பவர்களில் பலருக்குப் பிடிக்காமல் போனது பயண நேரமோ, பக்கத்துக் கட்டுமானச் சத்தமோ, பேச ஆளில்லாத அந்த ஒரு தெருவோதான். அலுவலகத்துக்கு நாலு நிறுத்தம் நெருங்கி, ஏற்கெனவே தெரிந்த இரண்டு பேர் இருக்கும் பேட்டையில் வீடு தேட ஒரு மாதம் கொடுத்துப் பாருங்கள். அங்கேயும் மூன்று நிபந்தனைகள் தேறாவிட்டால், பழைய ஊரில் வாடகை இப்போது என்ன என்று விசாரிக்கத் தொடங்கலாம்.